முதற்காட்சி

இரண்டு மைதானங்களுக்கு நடுவே நின்ற விளக்குக் கம்பத்தின் உச்சியில் ஒரு புறாத் தம்பதி கூடு கட்டியிருந்தது. கிழக்கே கால்பந்து நடந்தது. மேற்கே அமெரிக்கக் கால்பந்து. கூட்டில் இருந்தது அவற்றின் முதல் முட்டை. அன்று மாலை அது பொரிய வேண்டும்.

"பிள்ளை திருக்கண் மலர்ந்ததும் காணும் முதற்காட்சி நல்லதாக அமையவேண்டும். முட்டையைக் கிழக்கு முகமாகத் திருப்பு" என்றது ஆண்புறா. "அங்கே பந்து ஆற்றுநீர்போல் ஓயாமல் ஓடுகிறது."

"ஓடி என்ன பயன்? இவ்வளவு நேரமாகியும் ஒரு கோலைக் காணோமே!" என்றது பெண்புறா. "மேற்கே பாருங்கள். நின்று, மூச்சடக்கி, பிறகு இடியாய்ப் பாய்கிறார்கள். பந்துகூட நம் முட்டையின் வடிவம்தான்."

"அதனால்தான் அஞ்சுகிறேன். அந்த முட்டையை அணைத்துக்கொண்டு ஓடுபவன்மேல் பத்துப்பேர் விழுகிறார்களே! பிள்ளை பார்க்க வேண்டியது அதுவா?"

ஆண்புறா அலகால் கிழக்கே தள்ளியது. பெண்புறா மேற்கே தள்ளியது. முட்டை நழுவிக் கூட்டின் விளிம்புக்கு உருண்டது. இரண்டும் பதறிச் சிறகால் தடுத்தன.

முட்டையில் மெல்லிய விரிசல் விழுந்தது. கிழக்கே கோல் விழுந்து ஆரவாரம் எழுந்தது; மேற்கேயும் எழுந்தது. புறாக்கள் திரும்பவில்லை. மூச்சுவிடவும் மறந்து அந்த விரிசலையே பார்த்திருந்தன.

ஓடு பிளந்தது. குஞ்சு தள்ளாடிக் கழுத்தை நிமிர்த்தியது.

"எந்தப் பக்கம் பார்க்கிறது?" என்று மெல்லக் கேட்டது ஆண்புறா.

"கண்ணே திறக்கவில்லை" என்றது பெண்புறா. "வாயைத்தான் திறந்திருக்கிறது."