குடுவாவின் கையெழுத்து

மதுரையில் குடுவா என்ற குடும்பப் பெயர் பதினெட்டு வீடுகளுக்கு உண்டு. உலகத்துக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு குடுவாதான்: ஆவணப்படம் எடுக்கும் நாகேந்திரன். அவர் கேமரா வாங்கிய அதே வருஷம் அதே கம்பெனி கேமராவை வாங்கிய இன்னொரு குடுவாவான ராம்தாஸ், ஸ்டூடியோ வைத்துப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பங்காளிக் காய்ச்சல் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை.

நாகேந்திரன் வருஷத்துக்கொரு வாடகை வீடு மாறுகிறவர். “குடுவா, மதுரை” என்று வரும் கடிதங்களைத் தபால்காரர் போர்டைப் பார்த்து ராம்தாஸின் ‘குடுவா ஸ்டூடியோ’வுக்கே கொண்டுவந்தார்.

“அண்ணே, குடுவான்னு போட்டிருக்கு. ஒங்களுக்குத்தான?”

“வேற யாருக்கு? கொண்டா.”

பாரிஸில் விழா, டெல்லியில் விருது. எல்லாவற்றுக்கும் ராம்தாஸ், “வர இயலாது. விருது வேண்டாம்” என்று எழுதி, கீழே ‘குடுவா’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதிலென்ன பொய், அவர் பெயரும் அதுதானே.

நாகேந்திரன் இறந்தார். இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்த விழாக்காரர், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

“படம் எல்லாரும் எடுப்பாங்க. முப்பது வருஷமா ஒரு விருதையும் வாங்காத இந்த மனசு யாருக்கு வரும்?”

கைதட்டல் ஓயவே இல்லை. அத்தனையும் தன் கையெழுத்துக்கு விழுவதைக் கேட்டு, முன்வரிசையில் இருந்த ராம்தாஸுக்கு வயிறு எரிந்தது. ‘அதை எழுதினது நான்’ என்று சொல்லிவிடத் துடித்து எழுந்தார்.

அஞ்சலிக்குத்தான் எழுகிறார் என்று நினைத்து, அரங்கமே அவர் பின்னால் எழுந்து நின்றது.