டிரம்பெட்டுக்கு நடுவே ஒரு டிக்

இசைக்கடை அலமாரியில் ஒரு பழைய ஜாஸ் இசைத்தட்டு இருந்தது. அதன் பக்கத்தில், ஆதிகால ஜாஸ் அடங்கிய பத்து சிடி பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"பத்தும் சேர்த்து ஒரு சிடி விலைதானா? கொசுறு கறிவேப்பிலைக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு" என்றது இசைத்தட்டு.

கடைக்காரர் ஒரு சிடியைப் போட்டார். டிரம்பெட் உச்சத்துக்கு ஏறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் குறுக்கிட்டது.

"மலிவுச் சரக்கு பல்லிளிக்கிறது பார்" என்று அலமாரிக்கே கேட்கும்படி சொன்னது இசைத்தட்டு.

"அதைத் துடைத்தால் வாசித்தவர் மூச்சிழுப்பதும் சேர்ந்து போய்விடும் என்று விட்டுவிட்டார்கள், ஐயா" என்றது பெட்டி.

"எந்தக் குப்பைத் தட்டிலிருந்து எடுத்தார்களோ."



அடுத்து, கடைக்காரர் இசைத்தட்டையே சுழலவிட்டார். அதே பாட்டு. டிரம்பெட் ஏறியது. 'டிக்.'

அந்த இடத்தில் முள் தனக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறது என்றுதான் இத்தனை நாள் இசைத்தட்டு நினைத்திருந்தது. போன வருஷம் ஒரு சிடி கம்பெனிக்காரர் பாட்டைப் பதிவெடுக்கத் தன்னை இரவல் வாங்கிப்போனதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அலமாரிக்குத் திரும்பியபோது, மற்ற தட்டுகளெல்லாம் கமுக்கமாகச் சிரித்தன. பெட்டி மட்டும் நகர்ந்து இடம் விட்டது.

"மூச்சு உங்களிடம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது, ஐயா."

பெட்டியும் சிரித்திருக்கலாம் என்றிருந்தது இசைத்தட்டுக்கு.