ஐநூற்றொரு ரூபாய் பாக்கி

“ஐநூத்தியொரு ரூபாய் கடன்! யார்கிட்ட வாங்கினீர், எதுக்கு வாங்கினீர், ஒண்ணும் எழுதலை. பேர் எழுதற இடம் மொட்டையா இருக்கு!”

வீடு கட்டும் சங்கத்தின் காரியதரிசி கோதண்டராமன் விண்ணப்பத்தை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

எதிரே மகாபலிபுரம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் நூர்முகமது. பக்கத்தில் அவன் மனைவி ஜெய்புன்னிசா, செங்கல்பட்டு முனிசிபல் பள்ளிக்கூட டீச்சர். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டி, இருவர் பேரிலும் நாலாயிரம் ரூபாய் கேட்டிருந்தார்கள். ஏரிப் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இன்றைக்குச் சங்கத்துப் பணம் மஞ்சூரானால் மனை உண்டு. இல்லாவிட்டால் முன்பணமும் கோவிந்தா!

ஜெய்புன்னிசாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இன்னா மச்சான் இது? நான் கையெழுத்து போடச்சொல்ல அந்தக் கட்டம் காலியாத்தான இருந்துச்சு?”

“அப்பால எழுதினேன்.”

“எனக்குத் தெரியாமயா?”



கோதண்டராமனுக்குச் சகலமும் விளங்கிவிட்டது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்க்காத புருஷனா? கிண்டிக் குதிரைப் பந்தயமாக இருக்கும். இல்லையென்றால் சீட்டாட்டம். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் இன்னொரு குடித்தனமே இருந்தாலும் யார் கண்டது? பஸ்ஸோடு போகிற ஆளாயிற்றே! ஐயோ பாவம், இந்த அம்மாள் நாளெல்லாம் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திச் சம்பாதித்து இவனிடம் கொடுக்கிறாள்.

“பாய், நான் சொல்றேனேன்னு கோவிச்சுக்காதேயும். கட்டினவகிட்ட மறைக்கிற கடன் இருக்கே, அது குடும்பத்தை அரிச்சுடும்.”

“நெசந்தான் சார்.”

‘நெசந்தான்’னாம்! ஆளுக்குக் கொஞ்சமாவது உறைக்க வேண்டாமா?

“அப்புறம் இதை ஏன் எழுதினீர்? ‘இல்லை’ன்னு எழுதியிருந்தா நான் பாட்டுக்கு மஞ்சூர் பண்ணியிருப்பேன்.”

“கீழே ‘எல்லாம் சத்தியம்’னு போட்டிருந்துச்சு சார். பொய் எழுத கை வரல.”

“போகட்டும். கடன் கொடுத்தவர் வந்து, வீட்டு மேல பாத்தியம் கொண்டாட மாட்டேன்னு என் முன்னாடி எழுதித் தரணும். சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கூட்டிண்டு வாரும்.”

நூர்முகமது தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

“கூட்டியாந்துட்டேன் சார்.”

“எங்கே?”

“இதோ, பக்கத்துலயே குந்திகினு கீறாங்களே.”

கோதண்டராமன் வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் ஜெய்புன்னிசாவைப் பார்த்தார். அவளோ புருஷனைப் பார்த்தாள்.

“நானா? நான் எப்ப உங்களுக்குக் கடன் குடுத்தேன்?”

“மஹர்!” என்றான் நூர்முகமது. பிறகு காரியதரிசிக்குச் சொன்னான்: “எங்க நிக்காஹ்ல மாப்பிள்ளை பொண்ணுக்கு ஒரு தொகை தரேன்னு சபையில ஒத்துக்கணும் சார். நான் ஐநூத்தியொண்ணு ஒத்துக்கினேன். அன்னிக்குக் கைல டப்பு இல்ல. அப்பால தரேன்னு எழுதினாங்க. ஆச்சு, பதினோரு வருசம்.”

“அட, அதுவா?” ஜெய்புன்னிசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அதை யாரு மச்சான் குடுக்கறாங்க? எல்லாரும் கடைசியில மாப்பு வாங்கிக்கிறதுதான!”

“ஆமா. புருசன் செத்து மய்யித்தா கெடக்கச்சொல்ல, அழுதுகினு கீற பொஞ்சாதிகிட்ட வந்து, ‘மஹரை மன்னிச்சுடும்மா’ன்னு கேப்பாங்க. அவளும் தலையாட்டுவா. அந்தக் கேவலம் எனக்கு வேணாம். உனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே மன்னிச்சிருப்பே. அதான் சொல்லல.”

கோதண்டராமன் செருமிக்கொண்டார். குதிரை, சீட்டு, சதுரங்கப்பட்டினம் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

“ரொம்ப சுலபமாப் போச்சும்மா. ‘தள்ளுபடி செய்துவிட்டேன்’னு ஒரு வரி எழுதுங்கோ. இப்பவே கையெழுத்து போட்டுடறேன்.”

“வேணாம் ஜெய்பு,” என்றான் நூர்முகமது. “வூடு இல்லாங்காட்டிப் போவுது.”

ஜெய்புன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். டீச்சர் கையெழுத்து, முத்து முத்தாக விழுந்தது.

கோதண்டராமன் வாங்கிப் படித்தார்.

“சங்கத்துக் கடன் அடைகிறவரை என் பாக்கியைக் கேட்க மாட்டேன். அடைந்த மறுநாள் கேட்பேன்.”

“வுட்டுட மாட்டேன் மச்சான்! சில்லறை குறையாம எண்ணி வைக்கணும்,” என்று மிரட்டினாள். நூர்முகமது வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினான்.

‘மஞ்சூர்’ என்று எழுதிக் கோதண்டராமன் முத்திரையைக் குத்தினார். இருவரும் எழுந்து சலாம் வைத்தார்கள்.

“உங்க சனங்கள்ல இந்த மாதிரி ஒண்ணு கீதா சார்?” என்று போகிற போக்கில் கேட்டாள் ஜெய்புன்னிசா.

“எங்கள்ல அந்த வழக்கம் கிடையாதும்மா.”

வாஸ்தவம், வழக்கம் கிடையாது. அவர் தம் மனைக்கு முன்பணம் கட்டியது மனைவியின் எட்டுப் பவுன் காசுமாலையை விற்றுத்தான். ‘வர்ற தைக்குள்ள புதுசா பண்ணிப் போட்டுடறேன்’ என்று அவளிடம் சொல்லி, பன்னிரண்டு தை வந்து போய்விட்டது. அந்த வருஷம் இதே சங்கத்துக்கு அவர் கொடுத்த விண்ணப்பத்தில், ‘கடன்’ என்ற கட்டத்துக்கு நேரே, கொட்டை எழுத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்.