கையால் குத்திய சூலம்

“மெஷின்ல குத்துனா பத்தே நிமிஷம். நாலரை பஸ்ஸையும் புடிச்சிரலாம்னு அவகிட்டச் சொல்லுங்கக்கா,” என்றான் வெள்ளியங்கிரி.

“எனக்குக் கைக்குத்துதான் வேணும். அம்மனுக்கு வேண்டிக்கிட்டதுன்னு அவருகிட்டச் சொல்லுங்கக்கா,” என்றாள் அவன் மனைவி வேலாமணி.

கூடலூர் மாரியம்மன் கோயில் வாசலில் பச்சை குத்தும் மருதாம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர்கள் நேருக்கு நேர் பேசி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அன்று விருந்தாளிகள் முன்னால், அவள் வைத்த குழம்பு சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான் வெள்ளியங்கிரி. தப்பு தன்னுடையது என்று அன்றே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்று அவள் தேவர்சோலையிலுள்ள தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட, அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவனும் வந்திருந்தான்.

“சில்வஸ்டர் கடையில மெஷின்ல குத்துனா கலர் கலரா, நூல் புடிச்சாப்ல கோடு வருதுங்களே,” என்றான் மறுபடியும்.

“வரும். நல்ல வேலைக்காரன்,” என்றாள் மருதாம்பாள், புது ஊசியின் உறையைப் பிரித்தபடி. “மெஷின் விர்ருன்னு ஓடிரும். இது ஒவ்வொரு புள்ளியா வெக்கறது, மெல்லத்தான் வரும். ஆனா புண்ணு சீக்கிரம் ஆறிரும். ஒண்ணு தம்பி, கைக்குத்துக்கு ஊட்டாளு ஒருத்தரு தோலை இழுத்துப் புடிச்சுக்கோணும். இல்லீன்னா சூலம் கோணிக்கும்.”

“நானுங்களா?”

“பின்னே, பஸ் கண்டக்டரா வந்து புடிப்பாரு? உக்காருங்க.”

உட்கார்ந்தான். அவள் முன்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள் அவன் மடியில் கிடந்தன. முதல் புள்ளி இறங்கியதும் அவள் உதட்டைக் கடித்தாள்.

“வலிக்குதான்னு கேளுங்கக்கா.”

“கையைப் புடிச்சிருக்கறது நீங்க. நீங்களே கேளுங்க.”

அவன் தொண்டையைச் செருமினான். “வலிக்குதா?”

“நீங்க தட்டைத் தள்ளுன அளவுக்கு இல்லீங்க.”

மருதாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டான்.

“கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு, மணி. ஃபேக்டரியில சூப்பர்வைசர் மேல இருந்த கோவத்தை உம்மேல காட்டிப்போட்டேன். தப்புதான்.”

“இதை அன்னிக்கே சொன்னா என்னவாம்?”

“வாய் வரல.”

“திங்கறதுக்கு மட்டும் வரும்.”

“ரெண்டு பேரும் சிரிச்சுக் கையை ஆட்டாதீங்க,” என்றாள் மருதாம்பாள்.

நாலரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சூலம் முடிந்தது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தங்கள் ஊரான ஓவேலிக்குப் போகும் ஜீப்பில், வீட்டுக்கே திரும்பிப் போக வேலாமணி ஏறி உட்கார்ந்தாள். ஜீப்பில் ஆள் சேர்வதற்குள் அம்மனுக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்துவிடலாம் என்று வெள்ளியங்கிரி மட்டும் கோயிலுக்கு ஓடினான்.

வாசலில், தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு மருதாம்பாள் பச்சை குத்திக்கொண்டிருந்தாள். வலது கையில் ஊசி. தோலை இழுத்துப் பிடித்திருந்தது மருதாம்பாளுடைய இடது கட்டைவிரலேதான்.

“ஏனுங்கக்கா, இழுத்துப் புடிக்க ஊட்டாளு வேணும்னு சொன்னீங்களே?”

“எனக்கெதுக்குத் தம்பி ஆளு?” அவள் நிமிராமலே சிரித்தாள். “நேத்து உங்க ஊட்டுக்காரி அழுதுக்கிட்டே வந்து, ‘அவரு என் கையைக் கொஞ்ச நேரம் புடிச்சிருந்தாப் போதும், தானாப் பேசிருவாரு, எதையாவது சொல்லிப் புடிக்க வெச்சிருங்கக்கா’ன்னு கேட்டுட்டுப் போச்சு.”