மூன்று வீட்டுக்கு ஓர் அடுப்பு

"அடுத்த மாசத்துல இருந்து நாங்க தனியாவே பொங்கிக்கிடுதோம்க்கா."

சொல்லிவிட்டு மாரிசெல்வி முற்றத்துத் தூணைப் பார்த்தாள். எதிரே இருந்தவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பார்வதியம்மாளின் கை நின்றது. பிறகு ஒன்றும் காதில் விழாதது போல மறுபடியும் நறுக்க ஆரம்பித்தது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று வீடுகள் உள்ள வளவு அது. ஒன்றில் மாரிசெல்வி, விசைத்தறி ஓட்டும் கணவன் சுடலைராஜ், இரண்டு பிள்ளைகள். எதிர்வீட்டில் தையல் வேலை பார்க்கும் ஷமீரா, ஆட்டோ ஓட்டும் ரிஸ்வான் அகமது, அவர்கள் மகள். மூலை வீட்டில் பார்வதியம்மாள் மட்டும். மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் கிளார்க். ஐம்பத்து நாலு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் பேசுவாள் என்பதால் தெருவில் அவளுக்குக் கருமி என்றே பெயர்.

பத்து மாதத்துக்கு முன்னால், இனி வாரத்தில் நாலு நாள்தான் வேலை என்று தறி முதலாளி சொல்லிவிட்டார். மாரிசெல்வி வீட்டில் முதலில் பால் நின்றது. அப்புறம் எண்ணெய் குறைந்தது. பிள்ளைகள் மறுசோறு கேட்டால் தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பாள்.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வதியம்மாள் எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டாள். ஒரே வளவுக்குள் மூன்று அடுப்பில் மூன்று குழம்பு கொதிப்பது வீண் என்றாள். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் சேர்ந்து பொங்கி, செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம், கறி மீன் ஆக்குவது அவரவர் வீட்டில் என்றாள். கருமி சொன்னால் மிச்சம் நிச்சயம் என்று மற்ற இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள்.

மிச்சமும் ஆனது. பனவடலிசத்திரத்திலிருந்து வரும் கத்தரிக்காயைப் பார்வதியம்மாள் கூடையோடு விலை பேசி வாங்கினாள். பருப்பும் புளியும் மொத்தமாக வந்தன. நாற்பது நாளில் தீர்ந்துபோகும் மாரிசெல்வியின் சிலிண்டர் எழுபது நாள் எரிந்தது. பிள்ளைகளுக்குப் பால் திரும்பி வந்தது.

ஆனால் மாரிசெல்விக்கு அதைவிடப் பிடித்துப்போனது அந்தச் சாயங்காலங்கள். தறிச் சத்தம் ஓய்ந்ததும் தெரு, பெருமழை விட்டது போல அடங்கிவிடும். மார்க்கெட்டில் மிஞ்சிய பிச்சிப்பூவின் வாசம் முற்றத்துக்குள் வந்து தங்கும். தலைக்கு மேலே சதுரமாக ஒரு துண்டு வானம், மெதுவாகக் கறுத்துக்கொண்டிருக்கும். கீழே எட்டுத் தட்டுகள். ரசத்தின் ஆவிக்கு அந்தப் பக்கம் முகங்கள் நீரில் தெரிவது போலக் கலங்கித் தெரியும். யார் வீட்டுப் பிள்ளை யார் மடியில் படுத்திருக்கிறது என்றுகூடச் சட்டென்று புரியாது. இது நிஜமா, மத்தியானத் தூக்கத்தில் காண்கிற கனவா என்று அவளுக்குச் சில நாள் சந்தேகம் வந்துவிடும். கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். "ஏட்டி செல்வி, ரசம் ஆறுது" என்று பார்வதியம்மாள் சொன்ன பிறகுதான் கை அசையும்.

போன வாரம் தறியில் மறுபடியும் முழு வேலை வந்துவிட்டது. இனி யாரோடும் பந்தியில் உட்கார வேண்டியதில்லை, நம் வீட்டில் நாமே பொங்கித் தின்போம் என்று சுடலைராஜ் முடிவாகச் சொல்லிவிட்டான். ஷமீராவிடம் சொன்னபோது, நீ விலகினால் நானும் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று அவளும் பெருமூச்சு விட்டாள்.

பார்வதியம்மாள் காய்த் தட்டைத் தள்ளிவைத்தாள். கோபப்படவில்லை. ஆபீசில் மனு கொடுக்க வந்தவருக்கு விளக்குவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். தனியாகப் பொங்கினால் மாரிசெல்விக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாவது கூடச் செலவாகும், பெரியவனை டியூஷன் சேர்க்க நினைத்ததெல்லாம் தள்ளிப்போகும், ஷமீரா புது மெஷினுக்குச் சேர்க்கிற பணமும் அடுப்பிலேயே போய்விடும். சொல்லச் சொல்ல அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே வந்தது.

"அவுக பிடிவாதமா நிக்காவக்கா. நான் என்ன செய்ய?" என்றாள் மாரிசெல்வி.

பார்வதியம்மாள் காய்த் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள். பக்கத்துத் தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாரிசெல்வி ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தாள்.

"நீங்க ஒத்த ஆளு. உங்களுக்கு ஒண்ணும் பெரிய நட்டம் வந்துராதுக்கா. இத்தன நாளும் உங்களுக்கு மாசம் எவ்வளவு மிச்சமாச்சு?"

பார்வதியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மிச்சமே கிடையாது மக்கா. மாசம் எண்ணூறு ரூவா கூடத்தான் ஆகுது" என்றாள். "முன்ன எல்லாம் ராத்திரி நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன். ஒத்த ஆளுக்கு உலை வைக்க எனக்குக் கை வராது."

மாரிசெல்வி எழுந்துபோய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். பார்வதியம்மாளை ஒட்டி உட்கார்ந்து, அடுத்த மாதத்து மளிகைச் சீட்டை எட்டுப் பேருக்கு எழுத ஆரம்பித்தாள்.