இரண்டாவது பதிவு

கதவுக்கு அப்பால் அந்தக் குரல் மறுபடியும் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"படகுங்க இன்னும் கரைக்கு வரலைங்க. பனி கவிஞ்சு கெடக்கு. அந்தச் சிக்னலை மட்டும் ஒழுங்காக் குடுத்துடுங்க. புண்ணியமாப் போகும்."

தேநீர்க் கோப்பையும் கையுமாகக் கட்டுப்பாட்டு அறையின் வாசலில் நின்றுவிட்டாள் கடிகாரக்காரி.

அது அலுவலகம் அவளுக்குச் சூட்டிய பெயர். வானில் சுற்றும் செயற்கைக்கோள்களுக்குள் அணுக்கடிகாரங்கள் இருக்கின்றன. அவை இம்மி பிசகினாலும் கடலில் போகும் படகு தன் இடத்தைத் தவறாக அறியும். பிசகாமல் காப்பது அவள் வேலை. "நொடியைக் கூறு போடத் தெரிஞ்சவளுக்குச் சோத்து நேரம் மட்டும் தெரியாது" என்பாள் அவளுடைய அக்கா.

புதியவர்களுக்கு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அன்று காலையில்தான் சிலர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள்.

எழுதப்படாத சட்டம் அது. எவர் சேர்ந்தாலும் முதல் நாளே அந்தப் பதிவைக் கேட்டாக வேண்டும். கேட்டுக் கொதிக்காதவருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

அந்நாளில் நமக்கென்று ஒரு செயற்கைக்கோளும் இல்லை. எவனோ ஏவியது, எவனோ காட்டிய வழி. கடன் வாங்கிய கண்ணால் கடலைப் பார்த்தோம்.

ஏதோ ஓர் ஒப்பந்தத்தில் நம் அரசு கையெழுத்திட மறுத்தது. கடன் கொடுத்தவன் கண்ணைப் பிடுங்கிக்கொண்டான்.

சிக்னலை நிறுத்தியிருந்தாலாவது படகுகள் நின்றிருக்கும். அவன் நிறுத்தவில்லை. அதில் பொய்யைக் கலந்தான். பாறை இருந்த இடத்தில் கருவி ஆழ்கடலைக் காட்டியது.

அக்காவின் கணவர் கருவியை நம்பினார்.

கரையில் துறைமுகக் காவலர் தொலைபேசியில் மன்றாடினார். மறுமுனையிலிருந்து, மொழிபெயர்ப்பவர் தயங்கித் தயங்கிச் சொன்ன பதில் பதிவின் கடைசியில் இருக்கிறது.

"உங்களுக்கு வேணும்னா நீங்களே சொந்தமா ஒண்ணு செஞ்சுக்க வேண்டியதுதானே."

செய்தோம்.

அந்த ஒற்றை வாக்கியத்தை அடித்தளமாக்கிச் செய்தோம். தலைமைப் பொறியாளர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 'மேடை' என்பது அவருடைய பட்டப்பெயர்; ஒலிவாங்கி இல்லாமல் தும்மக்கூட மாட்டார் என்பது அவரைப் பற்றிய கேலி. முதற்கோள் பறந்த நாளில், "இது மக்களின் வழிகாட்டி. எந்தப் படைக்கும் அடங்காது, எந்தப் பகைக்கும் அணையாது" என்று அவர் முழங்கியபோது முன்வரிசையில் அமர்ந்திருந்த அக்கா கைதட்டவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆயினும் மேலிடம் ஒரு பூட்டு கேட்டது. போர் என்று வந்தால் பொய் கலக்க ஒரு வழி இருக்கட்டும் என்றது. கடிகாரக்காரி மல்லுக்கட்டி ஒரே ஒரு நிபந்தனையை வென்றாள். கலக்க இரண்டு சாவிகள் வேண்டும். தெளிவிக்க ஒன்றே போதும். ஒரு சாவி மேடையிடம். மற்றது அவள் கழுத்துச் சங்கிலியில்.

உள்ளே குரல் உடைந்து தழுதழுத்தது.

எத்தனை முறை கேட்டாலும் ஆறாத கொதிப்பு அவளுக்குள் ஏறியது. அடுத்து வரப்போகும் பதிலை அவள் உதடுகள் முந்திக்கொண்டு முணுமுணுத்தன. முணுமுணுத்தபடியே தோளால் கதவைத் தள்ளினாள்.

"உங்களுக்கு வேணும்னா நீங்களே சொந்தமா ஒண்ணு செஞ்சுக்க வேண்டியதுதானே" என்றார் மேடை.

அறையில் அவர் மட்டுமே இருந்தார். தொலைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கி வைத்திருந்தார். பழைய பதிவு பூட்டிய அலமாரிக்குள் அதனிடத்திலேயே இருந்தது.

சுவர்த்திரையில் வடக்குக் கடல் முழுவதும், பொய் கலந்ததற்கு அடையாளமாக, சிவந்திருந்தது. "சும்மா ஒரு சோதனைம்மா" என்று சொல்லித்தான் காலையில் அவள் சாவியையும் திருப்பச் செய்திருந்தார்.

இம்முறை கையெழுத்திட மறுத்தது வடக்கே இருக்கும் நாடு. நம் கோள்களை நம்பிக் கடலுக்குப் போகிறவர்கள் அந்நாட்டுப் படகுக்காரர்கள். மொழிபெயர்ப்பவர் யாரும் தேவைப்படவில்லை. அந்தக் கரையிலும் இதே மொழிதான்.

அவள் கோப்பையை வைத்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றினாள்.

"மேலிடத்து உத்தரவும்மா" என்றார் மேடை, தாழ்ந்த குரலில்.

"அன்னைக்கு அவனுக்கும் மேலிடம்னு ஒண்ணு இருந்திருக்கும்ல."

சாவி திரும்பியது. திரையில் சிவப்பு வடிந்தது.

தொலைபேசிக்குள் யாரோ ஓடினார்கள். தூரத்தில் ஒரு வானொலிக் கருவி கரகரக்க, "இடப்பக்கம் பாறைடா, விலகு, விலகு" என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. பிறகு வெறும் இரைச்சல்.

மேடை இணைப்பைத் துண்டிக்கக் கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

அந்த அறைக்கு வரும் அழைப்பு ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும் என்பது அவரே வகுத்த விதி. தொலைபேசியின் பக்கத்தில் பதிவுக்கருவியின் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாப்பாடு முடித்துத் திரும்பும் புதியவர்களின் பேச்சும் சிரிப்பும் நடைவழியில் நெருங்கின. கடிகாரக்காரி அவர்களுக்காகக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மேடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தப் பதிவைப் போட்டுக் காட்டப் போறீங்கண்ணே?"