ஆல்டன் துரையின் கை

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை காலை, பாபநாசம்–கும்பகோணம் சாலையில் உள்ள ஒரு சிலைப் பட்டறைக்கு மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள்.

காரை ஓட்டி வந்தவர் சந்தானகிருஷ்ணன். சென்னையில் ஆடிட்டர். சிலை வைக்கச் சாலையோரம் ஐந்து சென்ட் பட்டா நிலத்தைத் தானமாகத் தருபவர். பக்கத்து சீட்டில் சிலைக் கமிட்டித் தலைவர் கோவிந்தராசு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பின்சீட்டில் அவர் மகள் தமிழ்நிலா.

கோவிந்தராசுவின் தாத்தா, சந்தானகிருஷ்ணனின் தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்தவர். இருவருக்கும் அது தெரியும். வழியெல்லாம் கருகும் குறுவைப் பயிரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பொது இடத்தில் சிலைக்கு அனுமதி கிடைக்கவில்லை. கோவிந்தராசுவின் தெருவை ஒட்டி நிலம் தர வேறு யாரும் முன்வரவும் இல்லை. தானப் பத்திரம் திங்கட்கிழமை பதிவாக வேண்டும்.

கோவிந்தராசு மேசைமேல் படத்தை விரித்தார். உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சிட்ட, ஒரு சிலையின் பழைய படம். லண்டனில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து வரவழைத்தது.

பீடத்தின்மேல் ஹென்றி ஆல்டன் நிற்கிறார். பண்ணையடிமை முறையை ஒழிக்க வேண்டுமென்று அங்கே நாடாளுமன்றத்தில் பேசியவர். காலடியில் வெற்று மார்போடு ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். துரையின் கை அவர் தோளில் பதிந்திருக்கிறது. ஓரத்தில், அந்தச் சிலையைச் செய்த சிற்பி, கையில் சுத்தியலோடு.

பட்டறையின் பெண் சிற்பி ஜெயபாரதி முதலில் அந்த ஓரத்தைத்தான் பார்த்தார்.

“எங்காளைப் பாருங்க. கமிட்டிக்காரங்க வந்து நின்னா நான் வச்சுக்கிற அதே மூஞ்சி.”

தமிழ்நிலா மட்டும் சிரிக்கவில்லை. துரை நிற்கட்டும், மண்டியிட்டவர் வேண்டாம் என்று அப்பாவிடம் ஒரு வருடமாகச் சொல்லிவருகிறார். நம் தெருவில் நம் ஆளே முட்டி போட்டிருப்பதை நம் பிள்ளைகள் தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டுமா?

“அவரை எடுத்துட்டா இந்த வெள்ளைக்காரர் நம்ம தெருவுல எதுக்கு நிக்கிறாருன்னு எவனுக்குத் தெரியும்? பஸ்ஸுக்கு நிக்கிறாருன்னு நெனச்சுக்குவான்” என்பார் கோவிந்தராசு.

ஜெயபாரதியின் சிக்கல் வேறு. மண்டியிட்டவரின் கெண்டைக்காலை விரலால் காட்டினார்.

“இது பூட்ஸ் போட்டுப் பழகுன காலுங்க சார். லண்டன்ல எவனையோ கூட்டியாந்து முட்டி போட வச்சிருக்காங்க. சேத்துல எறங்குன வம்சத்துக்கு இப்படியா இருக்கும்? உங்க பக்கத்து ஆள் யாராவது ரெண்டு நிமிஷம் போட்டுக் காட்டினா போட்டோ எடுத்துக்குவேன்.”

பட்டறை ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.



கோவிந்தராசு செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் கிடந்த சாக்கின்மேல் ஒரு முட்டியை ஊன்றினார். பிறகு மற்றதையும்.

“அப்பா, எந்திரிங்க.”

“ரெண்டு நிமிஷம்தானே.”

“சட்டையையும் கழட்டிட முடியுங்களா சார்? தோள் தெரியணும்.”

பொத்தான்களைக் கழற்றும்போது அவர் கை ஓரிடத்தில் நின்று மறுபடி நகர்ந்தது. நீட்டிய சட்டையை மகள் வாங்கிக்கொள்ளவில்லை. சாக்கின் ஓரத்தில் வைத்தார்.

துரைக்கும் ஒருவர் வேண்டியிருந்தது.

“நான் நிக்கறேனே, எனக்கென்ன” என்று சிரித்தபடி சந்தானகிருஷ்ணன் வந்து நின்றார். நல்ல உயரம்.

ஜெயபாரதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கோவிந்தராசுவைத் தலை நிமிர்த்திப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார்.

“கையைத் தோள்ல வைங்க சார்.”

சந்தானகிருஷ்ணன் கையை நீட்டினார்.

கோவிந்தராசு காத்திருந்தார்.

“தோள்ல வைங்க சார்.”

“வச்சிருக்கேனே” என்றார் சந்தானகிருஷ்ணன், உண்மையான வியப்போடு.

ஜெயபாரதி மூன்றாவது தடவை சொல்லவில்லை. தமிழ்நிலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மண்டியிட்டபடியே அப்பா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ஜெயபாரதி இருவரையும் சுற்றி வந்து படம் எடுத்து முடித்தார்.

காரைத் திருப்பி நிறுத்தச் சந்தானகிருஷ்ணன் வெளியே போனார். மகள் கைகொடுக்க, கோவிந்தராசு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். ஜெயபாரதி போனில் ஒரு படத்தை இரு விரலால் பெரிதாக்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பழைய படத்துல கை நல்லா பதிஞ்சிருக்கு சார்” என்றார் தணிந்த குரலில். “நான் அந்த மாதிரியே செஞ்சுடுறேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

கோவிந்தராசு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி தயார்.

“வேண்டாம்மா. இப்ப எடுத்த மாதிரியே வார்த்துடுங்க.”

பத்திரம் திங்கட்கிழமை பதிவானது. தை மாதம் சிலை திறக்கப்பட்டது. சந்தானகிருஷ்ணன் திரையை விலக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெண்கலக் கைக்கும் வெண்கலத் தோளுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது. மாலை போட வருகிறவர்கள் அதன் வழியாக நூலை விட்டு முடிச்சுப் போடுகிறார்கள்.